நாற்பத்தொன்பதாவது கூட்டமும் ஒரு புளியங்கட்டையும்

திருப்பூரில் ஒரு சாமான் கெட்டுப்போனால் அதைச் சரி பண்ண ஆளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சரி பண்ணலாமா கூடாதா என்று தீர்மானிக்கத்தான் ஆள் இல்லாமல் ரொம்பக் காலம் எல்லாரும் கஷ்டப்பட்டார்கள். இப்போது அந்தக் குறையும் நீங்கிவிட்டது.

வீரபாண்டிப் பக்கம் சிவராஜ் என்பவர் நடத்துகிற பனியன் கம்பெனியில் அந்தத் தீர்மானத்துக்கென்றே சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்திருந்தார்கள். பெயர் அருள்செல்வன். சேஃப்டி ஆபீசர். கழுத்தில் ஒரு விசில், சட்டைப்பையில் நாலு நிறத்தில் நாலு பேனா. கெட்ட பையன் என்று யாரும் சொல்ல முடியாது. படித்ததையெல்லாம் அப்படியே நம்பிவிட்டார், அது ஒன்றுதான் அவர் மேல் இருக்கிற குற்றம்.

அதே கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர் நஸ்ருதீன் பாய். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஸ்பானர் பிடிக்க ஆரம்பித்து முப்பத்தெட்டு வருசம். இத்தனை வருசத்துக்கு அப்புறமும் அவர் கையில் பத்து விரலும் இருந்தது. மற்ற ஊரில் இது ஒரு சேதியே இல்லை. மெக்கானிக்குகள் நடுவில் இது பட்டம் வாங்கின மாதிரி. அவர் சம்சாரம் காத்தூன் பீவி கல்யாணம் காதுகுத்துக்குப் போகிற இடத்தில் நகையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டாள். "எங்க ஊட்டுக்காரருக்குப் பத்தும் இருக்குதுங்க" என்பாள். கேட்ட பெண்கள் வளையலை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார்கள்.

பத்தும் இருந்ததற்குக் காரணம் ஒரு கட்டை. நல்ல புளியங்கட்டை, உயரம் ஆறு இஞ்சு, நாலு பக்கமும் சதுரம். எந்த மெஷினை ஜாக்கி வைத்துத் தூக்கினாலும், அடியில் அந்தக் கட்டையைத் தள்ளி மெஷினை அதன்மேல் உட்காரவைத்த பிறகுதான் பாய் கையை நீட்டுவார். ஜாக்கி தூக்கத்தான், தாங்குவது கட்டை என்பார். இதை அவர் எந்தப் பயிற்சி முகாமிலும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

இப்படி இருக்கையில் பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையரின் ஆள் வியாழக்கிழமை ஆடிட்டுக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. திருப்பூர் பெல்ட்டில் இருக்கிறவர்களுக்கு ஆடிட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருகிற மாதிரிதான். என்ன வித்தியாசம், மாப்பிள்ளை வீட்டார் கக்கூஸைப் போட்டோ எடுக்க மாட்டார்கள்.

அருள்செல்வன் திங்கட்கிழமையே வேலையைத் தொடங்கிவிட்டார். கம்பெனியில் அசையாமல் இருந்த எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். தூணுக்கு அடித்தார்கள், படிக்கு அடித்தார்கள், அசையாமல் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பூனைக்கும் வாலில் கொஞ்சம் பட்டது. ஜாக்கியும் அசையாமல்தான் இருந்தது. அதை முழு உயரத்துக்கும் நீட்டிவைத்து, உச்சி முதல் அடிவரை ஒரு இடம் பாக்கியில்லாமல் அடித்தார்கள். உள்ளே போய் வெளியே வருகிற பளபள தண்டுக்கும் சேர்த்தே இரண்டு கோட்டிங். ஆயில் ஊற்றுகிற மூடியின்மேல், 'சோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது' என்று க்யூஆர் கட்டம்போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்கள். செல்போனைக் காட்டினால் ஜாக்கியின் ஜாதகமே வரும். அதற்கு நம்பரும் உண்டு: ஹைட்ராலிக் ஜாக்கி, 01. கம்பெனியில் இருந்ததே ஒரு ஜாக்கிதான். ஆனாலும் 01.

அன்றைக்கு நஸ்ருதீன் பாய் லீவு. செவ்வாய்க்கிழமை வந்துதான் ஜாக்கியைப் பார்த்தார். தின்னரில் துணியை நனைத்துத் தண்டிலிருந்த பெயிண்டைத் துடைக்க உட்கார்ந்தார். அரை விரல் துடைப்பதற்குள் விசில் சத்தம் கேட்டது. தண்டில் பெயிண்ட் இருந்தால் அது உரிந்து, உள்ளே ஆயிலை அடைத்துவைக்கிற ரப்பர் சீலைக் கிழித்துவிடும், ஆயில் கசியும், தூக்கின சுமை தன்னால் இறங்கும் என்று பாய் பொறுமையாகச் சொன்னார். அப்படி எந்த டாக்குமெண்டில் இருக்கிறது என்று அருள்செல்வன் அதைவிடப் பொறுமையாகக் கேட்டார். டாக்குமெண்டில் இல்லை. பாயின் தலைக்குள் இருந்தது. பாயின் தலைக்கு நம்பர் போடவில்லை. ஆகவே, 'பாதுகாப்பு வண்ணத்தை வேண்டுமென்றே அழிக்க முற்பட்டார்' என்று மெமோ கொடுக்கப்பட்டது.

அது இரண்டாவது மெமோ. முதல் மெமோ போன வருசம், தீயணைப்பு ஒத்திகையின்போது. மணி அடித்ததும் எல்லாரும் வரிசையாக வேப்பமரத்தடிக்குப் போக, பாய் மட்டும் பாய்லரை அணைக்க ஓடினார் என்பதற்காக. மூன்றாவது மெமோ வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாய்க்கு இது நன்றாகத் தெரியும். ஐம்பது வயதுக்கு மேல் வேறு கம்பெனி வாசலில் போய் நிற்பது எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

கட்டையைத் தேடினார். காணோம். 'பயன்பாடு தெரியாத பொருள்' என்று அதில் சிவப்புச் சீட்டு ஒட்டி வெளியே போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

புதன்கிழமை காலை பாய் எட்டரைக்கு வந்தபோது, துணி பின்னுகிற நிட்டிங் பிரிவில் ஏழாம் நம்பர் மெஷின் ஒரு பக்கம் தூக்கி நின்றது. காலுக்கடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து, மெஷின் ஆடி, துணியில் கோடு விழுகிறது என்று நிட்டிங் ஆட்கள் இரண்டு பேர் அவசரத்தில் தாங்களே ஜாக்கியைப் போட்டுத் தூக்கிப் பழைய ரப்பரைக் கழற்றிவிட்டு, புதுசை எடுத்துவர ஸ்டோருக்குப் போயிருந்தார்கள். இரண்டரை டன் மெஷின். மூன்று கால். இரண்டு கால் தரையில், ஒரு பக்கம் மட்டும் அந்த மஞ்சள் ஜாக்கியின் தலையில்.

பாய் கிட்டே போகவில்லை. எட்ட நின்று டேப்பை நீட்டி அளந்தார். மெஷினின் அடிச் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் ஏழரை இஞ்சு. ஒரு டீ குடித்துவிட்டு வந்து அளந்தார். ஏழே கால். ஜாக்கியைச் சுற்றி ஆயில் ஒரு பத்துப் பைசா அகலத்துக்கு ஊறியிருந்தது. நீளக் கைப்பிடியை வெளியே இருந்தே நுழைத்து, ஜாக்கியை இறக்குகிற ரிலீஸ் ஸ்குரூ சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தார். மூடித்தான் இருந்தது. அப்படியென்றால் சீல் போச்சு.

இதற்குச் செய்ய வேண்டியது கால் மணி நேர வேலை. ஆறு இஞ்சுக் கட்டையை ஒரு கம்பால் உள்ளே தள்ள வேண்டும். மெஷின் தானாக இறங்கி அதன்மேல் உட்காரும். அப்புறம் ஜாக்கியை உருவிப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனால் சந்து ஆறுக்குக் கீழே போய்விட்டால் கட்டை நுழையாது. மெஷின் ரப்பர் இல்லாத காலோடு சாய்ந்து உட்காரும். ஊசி, சிலிண்டர் எல்லாம் பிளந்துகொள்ளும். அந்த நேரத்தில் யார் கை அடியில் இருந்தாலும் அது கை இல்லை.

பாய் நேராகப் போய் அருள்செல்வனிடம் சொன்னார். அருள்செல்வன் கயிறு கோர்த்த சிவப்பு டேக்கோடு வந்தார்.

"பாய், பழுதான சாமான்ல மொதல்ல டேக் கட்டோணும். அப்பறந்தான் மத்ததெல்லாம்."

"கட்டுங்க சார்."

"நான் ஆபீசர். நான் டூல்ஸைத் தொடக்கூடாது. நீங்க கட்டுங்க."

"இந்தத் தூண்ல கட்டிரட்டுங்களா?"

"ஜாக்கி மேலயே கட்டோணும். தூண்ல கட்டுனா தூண் பழுதுன்னு ஆயிரும்."

"ஜாக்கி மெஷினுக்கடியில இருக்குதுங்களே சார்."

"அதனாலதான் கையை உட்டுக் கட்டச் சொல்றேன்."

பாய் டேக்கை வாங்கவில்லை. "அதுல என்னமோ எழுதியிருக்குதே, என்னங்க அது?" என்று கேட்டார்.

அருள்செல்வன் கடமை உணர்ச்சியோடு சத்தமாகப் படித்தார்: "அபாயம். அருகில் செல்லாதீர். கையை உள்ளே நீட்டாதீர்."

"ஆகட்டுங்க" என்று பாய் இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினார்கள். அருள்செல்வனுக்குக் காது சிவந்துவிட்டது. மூன்றாவது மெமோவை அங்கேயே மெஷின் மேல் வைத்து எழுதத் தொடங்கினார். 'அபாய அட்டையைப் பொருத்த மறுத்து, பாதுகாப்புக்கு இடையூறு விளைவித்தார்.' கையெழுத்து மட்டும் பாக்கி. மெஷின் கொஞ்சம் இறங்கினதால் கோடு வளைந்துவிட்டது. வளைந்த கோட்டில் மெமோ செல்லாது என்பதால் மேசைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று மடித்துப் பையில் வைத்தார்.

அதற்குள் சந்து ஏழு.

இறங்குவதுதானே பிரச்சினை, ஏற்றினால் தீர்ந்தது என்று அருள்செல்வன் ஒரு இடைக்கால ஏற்பாடு செய்தார். ஒரு ஆள் வெளியே இருந்து கைப்பிடியை அடித்துக்கொண்டே இருக்க வேண்டியது. கம்ப்யூட்டரில் அடித்து ஒரு பட்டியல் ஒட்டினார்கள்: பம்ப் டியூட்டி, ஆளுக்கு இருபது நிமிசம், டீ இடைவேளையில் மாற்று ஆள். ஆடிட் வரைக்கும், அதாவது நாளை மாலை ஐந்து மணி வரைக்கும். முதல் ஆள் பத்து அடி அடித்தார். மெஷின் ஏறியது. அடிப்பதை நிறுத்தினார். முன்னைவிட வேகமாக இறங்கியது. தண்டு மேலே போய்க் கீழே வரும்போதெல்லாம் உரிந்த பெயிண்ட் சீலை இன்னும் கொஞ்சம் அறுத்துக்கொண்டிருந்தது. "அடிக்க அடிக்க அதைக் கொல்றீங்க சார்" என்றார் பாய். இது பழுதா, கொலையா என்பதை முடிவு செய்யத் தனக்கு அதிகாரம் இல்லையென்றும், பாதுகாப்புக் குழுவைக் கூட்ட வேண்டுமென்றும் அருள்செல்வன் சொல்லிவிட்டார். பம்ப் டியூட்டி நின்றது. சந்து ஆறே முக்கால்.

பாதுகாப்புக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு உறுப்பினர்கள். மாதம் தவறாமல் கூடுவார்கள். இதுவரை நாற்பத்தெட்டு கூட்டம் நடந்து, நாற்பத்தெட்டுக்கும் மினிட்ஸ் இருந்தது. ஆனால் உறுப்பினர்கள் யாரும் ஒரு கூட்டத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. மனிதவளப் பிரிவில் இருக்கும் கலைமகள், ஆடிட்டுக்கு முந்தின வாரம் ஒரே மத்தியானத்தில் அந்த வருசத்துப் பன்னிரண்டு கூட்டத்தையும் நடத்தி முடித்துவிடுவாள். கோயமுத்தூரில் ஏதோ ஒரு இன்ஜினியரிங் கம்பெனியின் ஃபைல் அவளிடம் இருந்தது. அதைப் பார்த்துக் கொஞ்சம், சொந்தக் கற்பனையில் கொஞ்சம். விவாதம் சூடாக நடந்தது என்று எழுதுவாள். தலைவர் தலையிட்டுச் சமாதானம் செய்தார் என்று எழுதுவாள். படித்தால் கண்ணில் தண்ணீர் வரும். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு பிரிவு பிரிவாகப் போய்க் கையெழுத்து வாங்கிவருவாள்.

ஆக, புதன்கிழமை பதினோரு மணிக்கு, வரலாற்றில் முதல்முறையாகக் குழு நிஜமாகவே கூடியது. நாற்பத்தொன்பதாவது கூட்டம். கூடிய பிறகுதான் அறையில் ஆறு நாற்காலி மட்டுமே இருப்பது தெரிந்தது. நாற்பத்தெட்டு கூட்டமாக யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் என்ற முறையில் நஸ்ருதீன் பாய் கதவோரம் நின்றார். குழுவின் பெண் பிரதிநிதி பொன்னாத்தாள் கேண்டீனில் வெங்காயம் அரிகிறவள். 'அவசரக் கூட்டம், நாற்காலி இல்லை' என்று கலைமகள் போனில் சொன்னதால், தான் வெங்காயம் அரிய உட்காருகிற பலகையையே கையோடு தூக்கிக்கொண்டு வந்து, சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சேலை மறைத்ததில் அது என்ன பலகை என்று யாரும் கவனிக்கவில்லை.

முதலாளி சிவராஜ் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் கவலையெல்லாம் நாளைய ஆடிட். "சட்டுபுட்டுனு முடிங்க அருளு. அந்த மெஷினு நாளைக்கு ஓடோணும்" என்றார்.

விதிப்படி முதலில் போன கூட்டத்தின் நடவடிக்கைகளை வாசிக்க வேண்டும் என்று அருள்செல்வன் எழுந்தார். பாய் மெல்ல, சந்து ஆறரைக்கு வந்திருக்கும் என்றார். குறுக்கே பேச வெளியாருக்கு உரிமை இல்லை என்று சொல்லப்பட்டது. அருள்செல்வன் நாற்பத்தெட்டாவது மினிட்ஸை எடுத்து நிதானமாக வாசித்தார். கேண்டீன் குடிநீர், தீயணைப்புக் கருவி, பிறகு ஆறாம் பொருள்.

"'உறுப்பினர் திருமதி பொன்னாத்தாள் அவர்கள் குறுக்கிட்டு, ஜாக்கியால் தூக்கப்பட்ட எந்தச் சுமையும் ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கலாகாது என்றும், உறுதியான மரக்கட்டையை அடியில் வைத்த பின்னரே எவரும் அருகில் செல்ல வேண்டும் என்றும், தவறினால் உயிர்ச்சேதம் நேரும் என்றும் ஆவேசமாகப் பேசினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.'"

வாசித்து முடித்த பிறகுதான் அருள்செல்வனுக்குத் தான் என்ன வாசித்தோம் என்பது காதில் விழுந்தது. கலைமகள் தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்தாள். கோயமுத்தூர் ஃபைலில் இருந்ததை அப்படியே போட்டிருந்தாள். யாராவது சொன்னதாக இருக்க வேண்டுமே என்று, பெண் பிரதிநிதி ரொம்ப நாளாகப் பேசவில்லை என்ற நல்லெண்ணத்தில் பொன்னாத்தாள் பெயரைப் போட்டிருந்தாள்.

"நானாங்க சொன்னேன்?" என்றாள் பொன்னாத்தாள்.

அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே கணக்கு ஓடியது. அவள் சொல்லவில்லை என்றால் மினிட்ஸ் பொய். ஒன்று பொய்யென்றால் நாற்பத்தெட்டும் பொய். நாளைக்கு ஆடிட். அவள் சொன்னாள் என்றால், கட்டை வைத்தே ஆக வேண்டும்.

சிவராஜ் தொண்டையைச் செருமினார். "ஏனம்மிணி, யோசிச்சுச் சொல்லு. நீ சொன்னியா, இல்லியா?"

பொன்னாத்தாள் யோசித்தாள். கதவோரம் நின்ற பாயைப் பார்த்தாள். அவர் தன் இரண்டு கையையும் கோர்த்து வைத்திருந்தார், விரலை எண்ணுகிற மாதிரி.

"சொல்லியிருப்பனுங்க சாமி. நல்லதாத்தான சொல்லியிருக்கறேன்" என்றாள்.

"அம்மிணி சொன்னா சொன்னதுதான்" என்று சிவராஜ் மேசையைத் தட்டினார். "வைங்கப்பா கட்டையை."

அருள்செல்வன் விட்டுவிடுகிற ஆள் இல்லை. கட்டை வைக்கலாம், ஆனால் அங்கீகாரம் பெற்ற கட்டை வேண்டும், அங்கீகாரம் பெறாத மரப்பொருள் உற்பத்திப் பகுதிக்குள் வரக்கூடாது என்றார். இருந்த ஒரே கட்டையும் வெளியே போய்விட்டது என்றும் சொன்னார்.

"எந்தக் கட்டைங்க கண்ணு?" என்று பொன்னாத்தாள் கேட்டாள். "செவப்புச் சீட்டு ஒட்டிக் குப்பைல கெடந்துச்சே, அதா? அது மேலதான நான் உக்காந்திருக்கறேன்."

எழுந்தாள். பாய்க்கு மூச்சு வந்தது. மூலையில் இருந்த கிரீஸ் கறை, ஓரத்தில் உளி பட்ட வடு, எல்லாம் அப்படியே இருந்தது. புதிதாகச் சேர்ந்தது வெங்காய வாசனை மட்டும்.

கட்டையை உள்ளே கொண்டுபோக ஒரு படிவம் வேண்டும். கட்டைக்கென்று படிவம் இல்லை. புதிதாக உள்ளே வருகிற எதற்கும் இருந்தது ஒரே படிவம்தான், புது ஆள் சேர்ப்புப் படிவம். கலைமகள் பேனாவைத் திறந்தாள். மெஷின் இறங்கிக்கொண்டிருந்தது.

பெயர்: கட்டை. தகப்பனார் பெயர் என்ற இடத்தில் அவள் தயங்கியபோது, "புளியமரம்னு போடுங்க கண்ணு" என்றார் பாய். சொந்த ஊர் கேட்டாள். அவிநாசிபாளையம் பக்கம் ரோடு அகலப்படுத்த வெட்டின மரம் என்றார். வயது பதினெட்டு முடிந்துவிட்டதா என்பதை அருள்செல்வன் வற்புறுத்திக் கேட்டார். குழந்தைத் தொழிலாளர் விசயத்தில் பையர் ரொம்பக் கண்டிப்பு. மரத்துக்கு எழுபது வயதாவது இருக்கும் என்றதும், ஐம்பத்தெட்டுக்கு மேல் வேலைக்குச் சேர்க்க முடியாதே என்று இன்னொரு சிக்கல் எழுந்தது. மரத்துக்குத்தான் எழுபது, கட்டையாகி முப்பத்தெட்டு வருசம்தான் என்று பொன்னாத்தாள் தீர்த்துவைத்தாள். ஊனம், அடையாளம் என்ற இடத்தில் 'வலது மூலையில் கிரீஸ் கறை' என்று எழுதினார்கள். போட்டோ எடுத்து ஒட்டினார்கள். அடையாள அட்டை அச்சடித்து, போட்டுவிடக் கழுத்து இல்லாததால் ஆணி அடித்து மாட்டினார்கள்.

கட்டையும் கையுமாகப் பாய் நிட்டிங் பிரிவுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தபோது மணி பன்னிரண்டு. டேப்பை நீட்டினார். ஆறே கால் இஞ்சு. எல்லாரையும் எட்டப் போகச் சொன்னார். கட்டையைத் தரையில் வைத்து, பொன்னாத்தாளின் நீளத் துடைப்பக் கம்பால், கேரம் காயைத் தள்ளுகிற மாதிரி மெல்லத் தள்ளினார். பாதி நுழைந்து நின்றது. அடையாள அட்டை தடுத்துக்கொண்டிருந்தது.

"அதைப் புடுங்கிரட்டுங்களா சார்?"

அட்டை இல்லாமல் யாரும் உள்ளே இருக்கக்கூடாது என்று சொல்ல அருள்செல்வன் வாயைத் திறந்தார். அந்தச் சமயத்தில் மெஷின் க்ருக் என்று ஒரு சத்தம் போட்டது. ஒரு நூல் அளவு இறங்கிற்று. அருள்செல்வன் வாயை மூடிக்கொண்டு, தானே துடைப்பக் கம்பின் இன்னொரு முனையைப் பிடித்தார். ஆபீசர் ஒரு டூல்ஸைத் தொட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தள்ளு. அட்டை நசுங்கி, கட்டை சட்டத்துக்கு நேர்கீழே போய் நின்றது. ஐந்து நிமிசத்தில் மெஷின் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. கட்டை முனகக்கூட இல்லை.

அப்புறம்தான் பாய் வெளியே இருந்தபடி ரிலீஸ் ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஜாக்கி முழுதாக இறங்கியதும் கொக்கியால் இழுத்தார். பட்டறை மேசையில் வைத்துப் பிரித்தார். ஆயிலைத் தட்டில் வடித்தால், மஞ்சள் செதில் செதிலாக மிதந்தது, புளியோதரையில் கடலைப்பருப்பு மாதிரி. சீல் நார்நாராகக் கிழிந்திருந்தது. மூடிமேல் ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழித்து எறிந்தார். தண்டைத் தின்னர் போட்டுத் துடைத்து, புது சீல் மாட்டி, அளவு கோட்டுக்கு மேல் போகாமல் புது ஆயில் ஊற்றினார். சுமை எதுவும் இல்லாமல், ஸ்குரூவைத் தளர்த்தி வைத்துக்கொண்டு பதினைந்து அடி அடித்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார். அப்புறம் ஸ்குரூவை இறுக்கி, இரும்புப் பாளம் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து அளந்தார். இறங்கவில்லை. அதை வைத்தே ஏழாம் நம்பருக்குப் புது ரப்பரும் மாட்டினார், கட்டையை மட்டும் அடியிலேயே விட்டுவைத்தார்.

அருள்செல்வன் கடைசிவரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். பையிலிருந்த மெமோவை எடுத்து, கையில் ஒட்டிய ஆயிலைத் துடைத்துக்கொண்டார். பழுதுக்கான மூலகாரணம் என்ன என்று ஃபாரத்தில் எழுத வேண்டுமே என்று ரொம்ப நேரம் யோசித்தார். பெயிண்ட் என்று எழுதினால் அடிக்கச் சொன்னவர் பெயரையும் எழுத வேண்டும். கலைமகள் கைகொடுத்தாள். 'எண்ணெயின் முதுமை' என்று எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் ஆடிட் ஜோராக நடந்தது. வந்த துரை, மெஷினுக்கடியில் நசுங்கிய அட்டையோடு நின்ற கட்டையைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு நடைமுறையை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று பத்துப் போட்டோ எடுத்தார். போகும்போது இரண்டு குறிப்பு எழுதிக் கொடுத்தார். ஒன்று, கட்டை மிகச் சிறப்பு, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்கவும். இரண்டு, ஜாக்கியின் தண்டில் மட்டும் பாதுகாப்பு வண்ணம் இல்லை, முப்பது நாளைக்குள் பூசவும்.

அந்தப் போட்டோ வாட்ஸப்பில் ஊரெல்லாம் சுற்றியது. ஒரே மாதத்தில் பெல்ட்டில் இருக்கிற கம்பெனிகளிலெல்லாம் வரவேற்பறையில் ஒரு கட்டை வந்துவிட்டது. மரக்கடையில் 'சேஃப்டி கட்டை, கண்ணாடிப் பெட்டியுடன், அடையாள அட்டை இலவசம்' என்று போர்டு வைத்தார்கள். வரவேற்பறைக் கட்டையைத் தொட்டால் அபராதம்.

நஸ்ருதீன் பாயைக் குழுவின் ஒன்பதாவது உறுப்பினராக்கினார்கள். கலைமகள் வரப்போகிற வருசத்துக்கான பன்னிரண்டு மினிட்ஸையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். இந்தத் தடவை முன்கூட்டியே முடித்துவிட்டாளாம். பாய் கண்ணாடியை மாட்டி ஐம்பதாவது கூட்டத்தைப் படித்தார். 'உறுப்பினர் திரு. நஸ்ருதீன் அவர்கள் ஜாக்கியின் தண்டுக்கு மஞ்சள் வண்ணம் பூச வேண்டுமென முன்மொழிந்தார். திருமதி பொன்னாத்தாள் வழிமொழிந்தார்.'

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க" என்றார் பாய். "இது பொய்யி."

"போன தடவை அந்தக் கட்டை உள்ள போச்சே பாய், அது எதனாலங்க?" என்று கலைமகள் தன்மையாகக் கேட்டாள். "அதுவும் நான் எழுதுன பொய்தானுங்களே."

பாய் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு மாதத்திலும், கட்டை இல்லாமல் எதையும் தூக்கக்கூடாது என்று பொன்னாத்தாள் ஆவேசமாகப் பேசினார் என்ற வரியையும் சேர்த்துவிடச் சொன்னார். அதற்கென்ன, ஒரு தடவை அடித்தால் பன்னிரண்டுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றாள் அவள். சேர்த்துக் கொண்டுவந்தாள். பாய் வரிசையாகப் பன்னிரண்டு கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் கேண்டீனுக்குப் போனார். பொன்னாத்தாள் கட்டைமேல் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது அவள் வீட்டுப் பழைய கட்டிலின் கால். அது அவளுக்கும் பாய்க்கும் மட்டும்தான் தெரியும்.

"பொன்னாத்தாக்கா, மூணாம் நம்பர் மெஷினைத் தூக்கோணும். சித்த எந்திரிங்க" என்றார் பாய். "அடுத்த வருசம் இதே மாசம் வரைக்கும் இங்க ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட உழுகலைன்னு இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டனுங்க."

"அதான் ஒண்ணும் ஆகாதுன்னு எழுதியே குடுத்தாச்சே. அப்பறம் கட்டை எதுக்குங்க பாய்?"

பாய் தன் கையை நீட்டிப் பார்த்தார். பத்தும் இருந்தது. பேனா மை மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"இந்த வெரலுகளுக்குப் படிக்கத் தெரியாதுங்களே அக்கா" என்றார்.

கையெழுத்துப் போட மட்டும் அதுகளுக்குத் தெரிந்திருந்தது. பொன்னாத்தாள் எழுந்து கட்டையைக் கொடுத்தாள்.